ஸ்ரெச்கோ கட்டனெட்ஸ் யார்? கொஞ்சம் நீளமான பதில்

கேட்கப்பட்டது இதுதான்: 2025 ஜூனில் உஸ்பெகிஸ்தான் முதன்முறையாக உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றபோது, அணியை அதற்கு முன்பு வளர்த்தவர் என்று கட்டனெட்ஸ் பெயர் அடிபட்டது. இவர் யார்? ஆடிய காலத்தில் பெரிய ஆட்டக்காரரா? 2002 உலகக்கோப்பையில் செய்தியாளர்கள் முன்னால் கண்கலங்கிய பயிற்சியாளர் இவர்தானா?

ஆம், இவரேதான். பெரிய ஆட்டக்காரர்தான். ஆனால் கோல் பட்டியலில் தேடினால் அதிகம் கிடைக்க மாட்டார். அவரைப் புரிந்துகொள்ள அவர் ஆடிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும். பயிற்சியாளராக அவர் செய்ததெல்லாம் அங்கே கற்றதன் தொடர்ச்சிதான் என்பது என் எண்ணம்.

1963 ஜூலையில், அன்று யுகோஸ்லாவியாவின் ஒரு குடியரசாக இருந்த ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானாவில் பிறந்தார். ஸ்ரெச்கோ என்ற பெயரில் இருக்கும் 'ஸ்ரெச்சா' என்ற ஸ்லோவேனியச் சொல்லுக்கு அதிர்ஷ்டம், மகிழ்ச்சி என்று இரண்டு பொருளும் உண்டு. சொந்த ஊர் கிளப்பான ஒலிம்பியாவில் தொடங்கி, டினாமோ சாக்ரெப், பிறகு பெல்கிரேடின் பார்ட்டிசான். அதாவது அன்றைய யுகோஸ்லாவியாவின் ஆறு குடியரசுகளில் மூன்றின் தலைநகரங்களில் ஆடிவிட்டார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய யுகோஸ்லாவிய அணியில் இருந்தார். பார்ட்டிசானுடன் 1987இல் லீக் பட்டம். 1988இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் போன முதல் பருவத்திலேயே ஐரோப்பிய கிளப் போட்டியான யூஃபா கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே மரடோனாவின் நபோலி. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 5-4 என்று தோற்றார்கள்.

அவருடைய பெயர் நிலைத்தது இத்தாலியில், ஜெனோவா நகரத்தின் சம்ப்டோரியாவில். 1989 முதல் 1994 வரை அங்கே. இந்த அணியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மிலான், யுவென்டஸ், இன்டர், மரடோனாவின் நபோலி எல்லாம் உச்சத்தில் இருந்த காலத்தில், ஒரு துறைமுக நகரத்தின் நடுத்தர கிளப் அவர்கள் அத்தனை பேரையும் தாண்டி 1991 மே மாதம் இத்தாலிய லீக்கை வென்றது. அந்த கிளப்பின் ஒரே லீக் பட்டம் அது. முன்னே வியாலியும் மன்சினியும். கோல் வாயிலில் பல்யூக்கா. தடுப்பில் வியெர்கோவோட். பயிற்சியாளர் செர்பியரான வுயாடின் போஷ்கொவ். இத்தனை பேர் இருக்கும் கூட்டத்தில் கட்டனெட்ஸுக்கு என்ன வேலை?

நீண்ட கால்கள், உயரம், சலிக்காத ஓட்டம். நடுக்களத்தில் எதிரணியின் முக்கிய ஆட்டக்காரரைப் பிடித்து வைப்பது, தேவைப்பட்டால் பின்னால் இறங்கித் தடுப்பது, கார்னர் வந்தால் முன்னே போய்த் தலையால் முட்டுவது. மன்சினி ஒரு பந்தைத் தொலைத்தால் அதை மீட்டுக் கொண்டுவர வேண்டியவர் இவர். கல்யாண வீட்டில் பந்திக்கு இலை போடுவதில் தொடங்கி அடுப்படி வரை ஓடுகிற ஒருவர் இருப்பாரே, அந்த மாதிரி. கல்யாணப் படத்தில் அவர் ஓரமாக நிற்பார், அவர் இல்லாவிட்டால் பந்தி நடக்காது.

1990இல் கோதன்பர்க்கில் ஆண்டர்லெக்டை வீழ்த்தி ஐரோப்பிய கோப்பை வென்றவர்கள் கோப்பை. கூடுதல் நேரத்தில் வியாலி இரண்டு கோல். மறு ஆண்டு லீக். அதற்கு அடுத்த ஆண்டு ஐரோப்பிய சாம்பியன்கள் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை. அந்தப் பயணத்தில் ஓர் ஆட்டத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். நடப்பு சாம்பியன் ரெட் ஸ்டார் பெல்கிரேடை சம்ப்டோரியா சந்தித்தது. யுகோஸ்லாவியாவில் போர் நடந்துகொண்டிருந்ததால் ரெட் ஸ்டாரின் 'சொந்த மண்' ஆட்டம் பல்கேரியாவின் சோஃபியாவுக்கு மாற்றப்பட்டிருந்தது. சினிஷா மிகாய்லோவிச் ரெட் ஸ்டாருக்கு முதல் கோல் போட்டார். அதைச் சமன் செய்தவர் கட்டனெட்ஸ். சம்ப்டோரியா 3-1 என வென்றது. சில ஆண்டுகள் முன்புவரை அவர் பெல்கிரேடிலேயே, ரெட் ஸ்டாரின் பரம எதிரியான பார்ட்டிசானுக்கு ஆடியவர். இப்போது அவர் நாடு வேறு, அவர்கள் நாடு வேறு. மிகாய்லோவிச்சின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

இறுதி ஆட்டம் 1992 மே 20, லண்டனின் வெம்ப்ளி மைதானம். பார்சலோனாவுடன் கூடுதல் நேரம் வரை 0-0. 112ஆவது நிமிடம் ரொனால்ட் கூமன் ஒரு ஃப்ரீ கிக்கை வலைக்குள் அறைந்தார். பார்சலோனாவின் முதல் ஐரோப்பிய கோப்பை அது. சம்ப்டோரியா அதன் பிறகு அந்த இடத்தை எட்டியதே இல்லை. கட்டனெட்ஸ் அன்று தொடக்க அணியில் இருந்தார்.

யுகோஸ்லாவியாவுக்காக 31 ஆட்டங்கள், 5 கோல்கள். 1990 உலகக்கோப்பையில் இவிட்சா ஓசிம் பயிற்றுவித்த அணியில் இருந்தார். காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்ற அணி அது, அந்த நாடு ஒன்றாக ஆடிய கடைசி உலகக்கோப்பை. சம்ப்டோரியா லீக் வென்று ஐந்தாறு வாரத்தில், 1991 ஜூன் 25 அன்று ஸ்லோவேனியா விடுதலை அறிவித்தது. புதிய நாட்டுக்கு அவர் ஆடியது வெறும் ஐந்து ஆட்டங்கள். 31 வயதில் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

இனி பயிற்சியாளர் கட்டனெட்ஸ்.

ஸ்லோவேனியாவின் மக்கள்தொகை இருபது லட்சம். பனிச்சறுக்குதான் அங்கே முதல் விளையாட்டு. 1998 உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி எடுத்துக் குழுவில் கடைசி. அந்த அணியைத்தான் 1998இல், 35 வயதில், கைப்பற்றினார். பயிற்சியாளராக அனுபவம் சொற்பம். அடுத்த பதினாறு மாதத்தில் அந்த அணி ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2000க்குத் தகுதி பெற்றது. குழுவில் நார்வேக்கு அடுத்து இரண்டாமிடம், கிரீஸுக்கு மேலே. பிறகு உக்ரைனுடன் பிளே-ஆஃப், அதாவது தகுதி யாருக்கு என்று முடிவு செய்யும் இரண்டு ஆட்டங்கள்.

அந்த உக்ரைனில் ஷெவ்சென்கோவும் ரெப்ரோவும் உச்சத்தில் இருந்தார்கள். பிளே-ஆஃபுக்கு அவர்கள் வந்ததே மாஸ்கோவில் ரஷ்ய கோல்கீப்பர் செய்த ஒரு பிழையால். 1999 நவம்பர் 13, லுப்லியானாவில் முதல் ஆட்டம். ஷெவ்சென்கோ முதலில் போட்டார். ஸ்லாட்கோ ஸஹோவிச் சமன் செய்தார். 84ஆவது நிமிடம் உக்ரைன் கோல்கீப்பர் ஷொவ்கோவ்ஸ்கி வெளியே வந்து விலக்கிய பந்து மிலெங்கோ ஆச்சிமொவிச் காலில் போய் விழுந்தது. மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து, ஓரத்திலிருந்து, அவர் அப்படியே தூக்கி அடித்தார். கோல். 2-1. நான்கு நாள் கழித்து கீவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. உக்ரைன் பெனால்டியில் முன்னிலை. அந்தக் கணக்கே நீடித்திருந்தால் வெளியூர் கோல் விதிப்படி (மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகம் போட்டவருக்கு வெற்றி) உக்ரைன் போயிருக்கும். ஆட்டம் முடியப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது மிரான் பவ்லின் கோல் வாயில் நெரிசலில் பந்தை உள்ளே தள்ளினார். 1-1. எட்டு வயதுகூட நிறையாத ஒரு கால்பந்து நாடு யூரோவுக்குப் போனது.

எதிர்பாராத சந்திப்பு அடுத்துதான். 2000 ஜூன் 13, பெல்ஜியத்தின் ஷார்லெருவா. ஸ்லோவேனியாவின் முதல் பெரும் போட்டி ஆட்டம். எதிரணி யுகோஸ்லாவியா, அதாவது செர்பியாவும் மாண்டினிக்ரோவும் மட்டும் மிஞ்சியிருந்த யுகோஸ்லாவியா. அதன் பயிற்சியாளர்? வுயாடின் போஷ்கொவ். சம்ப்டோரியாவில் கட்டனெட்ஸை ஆட்டுவித்த அதே போஷ்கொவ். தடுப்பில் நின்றவர்? அதே மிகாய்லோவிச். 57ஆவது நிமிடம் ஸ்லோவேனியா 3-0. மூன்றாவது கோல் மிகாய்லோவிச் தவறாகத் தள்ளிய பந்தில் ஸஹோவிச் போட்டது. மூன்று நிமிடத்தில் மிகாய்லோவிச்சுக்கு ரெட் கார்டும். பத்துப் பேர், மூன்று கோல் பின்னால். அதற்குப் பிறகு 67, 70, 73ஆவது நிமிடங்களில் யுகோஸ்லாவியா மூன்று கோல் போட்டு 3-3 ஆக்கியது.

எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன், அந்த ஆறு நிமிடத்தில் என்ன நடந்தது என்று. தற்காத்து ஆடத் தெரிந்த அணி, 3-0 என்ற நிலையில் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாமல் போனது. அந்த நிலைமை அவர்களுக்கு அதற்கு முன் வந்ததில்லை. அடுத்து ஸ்பெயினிடம் 1-2, நார்வேயுடன் 0-0. வெற்றி இல்லாமல் திரும்பினாலும், ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது வெற்றி வீரர்களுக்கான வரவேற்பு.

பிறகு 2002 உலகக்கோப்பைத் தகுதிச் சுற்று. ரஷ்யா, யுகோஸ்லாவியா, சுவிட்சர்லாந்து இருந்த குழுவில் பத்து ஆட்டம், ஐந்து வெற்றி, ஐந்து டிரா. ஒரு தோல்விகூட இல்லை. எனக்கு அவருடைய மொத்த வாழ்விலும் பிடித்த கணக்கு இதுதான். ருமேனியாவுடன் பிளே-ஆஃப்: சொந்த ஊரில் 2-1, புக்கரெஸ்டில் 1-1. இரண்டு ஆண்டு முன் உக்ரைனுக்கு எதிராக நடந்த அதே கணக்கு, அப்படியே.

அந்த அணியில் பெரிய பெயர் ஒன்றே ஒன்று: ஸஹோவிச். ஸ்லோவேனியாவுக்காக 35 கோல் போட்டவர். மரிபோர்க்காரர், கோபக்காரர், பந்து காலில் இருந்தால் மந்திரவாதி. கட்டனெட்ஸ் அமைத்த அணியில் மற்ற பத்துப் பேரும் ஓடி, மறித்து, பந்தை வாங்கி அவரிடம் சேர்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உள்ளேயே புதைந்திருக்கிறது. பயிற்சியாளரோ மன்சினிக்காக ஓடியவர். அவருக்கு அணி என்பது எல்லோரும் சுமக்கும் பாரம். ஸஹோவிச்சுக்கோ, அணி தன்னைச் சுற்றியே சுழல்கிறது என்று தெரியும். அது பொய்யும் அல்ல.

2002 ஜூன் 2, தென்கொரியாவின் குவாங்ஜூ. ஸ்பெயினுடன் முதல் ஆட்டம். இரண்டாம் பாதியில் ஸஹோவிச்சை வெளியே எடுத்தார். ஆட்டம் 1-3 என முடிந்தது. உடைமாற்றும் அறையில் ஸஹோவிச் அவரைக் கடுமையாகத் திட்டினார், அது வெளியே வந்தது. ஸஹோவிச் ஊருக்கு அனுப்பப்பட்டார். செய்தியாளர் சந்திப்பில் கட்டனெட்ஸ் கண்ணீரோடு, போட்டி முடிந்ததும் விலகுகிறேன் என்றார். மிச்சமிருந்த ஆட்டங்களில் தென்னாப்பிரிக்காவிடம் 0-1. தென்னாப்பிரிக்காவின் முதல் உலகக்கோப்பை வெற்றி அது. பராகுவேயிடம் முன்னிலை எடுத்த பிறகு 1-3. மூன்றிலும் தோல்வி.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், ஆட்டக்காரரை மாற்றும் உரிமை பயிற்சியாளருக்கு உண்டு, அதில் கட்டனெட்ஸ் பக்கமே நான். ஆனால் அந்த நேரத்திலேயே விலகலை அறிவித்தது பெரிய தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தலைவன் போகப்போகிறான் என்று தெரிந்த அணி இன்னும் இரண்டு ஆட்டம் எந்த மனதோடு ஆடும்? அழுததைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான்கு ஆண்டு கட்டிய வீடு ஒரே மாலையில் கண்முன் சரிந்தால் யாருக்கும் தொண்டை அடைக்கும்.

அதற்குப் பிறகு கிரீஸின் ஒலிம்பியாகோஸில் சில மாதங்கள். கிளப் பயிற்சி அவருக்கு ஒட்டவில்லை. அடுத்து நாட்டு அணிகள்தான், ஒன்றன்பின் ஒன்றாக. 2006இல் மாசிடோனியா. அந்த ஆண்டு அக்டோபரில் மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் இங்கிலாந்தை 0-0 என நிறுத்தினார். யூரோ 2008க்கு இங்கிலாந்து ஒரே ஒரு புள்ளியில் தகுதி இழந்தது. அன்று இழந்த இரண்டு புள்ளிகள் கையில் இருந்திருந்தால் போயிருப்பார்கள். குரோஷியாவை ஸ்கோப்யேவில் 2-0 என வென்றார். 2009இல் அணியின் நட்சத்திரம் கோரான் பாண்டெவுடன் மோதல் வந்து விலகினார். மறுபடியும் நட்சத்திரம், மறுபடியும் விலகல்.

பிறகு ஐக்கிய அரபு அமீரகம். இங்கேதான் இந்திய அணி அவரைச் சந்தித்தது, நம்மில் பலர் கவனிக்கவில்லை. 2010 நவம்பரில் அபுதாபி நட்பு ஆட்டத்தில் அமீரகம் இந்தியாவை 5-0 என வென்றது. 2011 ஜூலையில் உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் மீண்டும் நேருக்கு நேர்: அல் அய்னில் முதல் 25 நிமிடத்துக்குள் இரண்டு இந்திய வீரர்கள் ரெட் கார்டு வாங்க, 0-3. ஐந்து நாள் கழித்து டெல்லியில் 2-2 என்று இந்தியா கௌரவமாக ஆடியது. இந்தியாவைத் தாண்டினாலும் அமீரகத்தில் அவருக்குக் காலம் முடிந்திருந்தது. அந்த ஆண்டு ஜனவரி ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடாத அணி, செப்டம்பரில் குவைத்திடமும் லெபனானிடமும் தோற்றது. வேலை போனது. தோற்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பவரின் பலவீனம் இது: கோல் போட ஆள் இல்லாவிட்டால் அவர் முறை முழுவதும் வறண்டுபோகும்.

2013 முதல் 2017 வரை மறுபடி ஸ்லோவேனியா. யூரோ 2016க்கான பிளே-ஆஃபில் எதிரணி யார் என்று பாருங்கள்: அதே உக்ரைன். இம்முறை ல்விவில் 0-2, மரிபோரில் 1-1. பனியும் இல்லை, ஆச்சிமொவிச்சும் இல்லை. 2017 அக்டோபரில் வெம்ப்ளியில் கூடுதல் நிமிடங்களில் ஹாரி கேன் போட்ட ஒரே கோலில் தோல்வி. மூன்று நாள் கழித்து ஸ்காட்லாந்துடன் 2-2, அத்தோடு விடை. ஆடிய காலத்தில் கூமன், பயிற்சியாளராக கேன். இந்த இரண்டு முறையும் வெம்ப்ளி அவருக்குக் கடைசி நேரத்தில்தான் கதவை அடைத்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்லோவேனியா இதுவரை தகுதி பெற்ற பெரும் போட்டிகள் நான்கு: 2000, 2002, 2010, 2024. முதல் இரண்டு கட்டனெட்ஸ், பின்னிரண்டு மத்யாஷ் கெக். வேறு எந்தப் பயிற்சியாளராலும் முடியவில்லை.

2018இல் ஈராக். அங்கே அவர் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். 2019இல் நாடு முழுக்க மக்கள் போராட்டம். பாஸ்ராவில் நடக்க வேண்டிய ஈரான் ஆட்டம் ஜோர்டானின் அம்மானுக்கு மாற்றப்பட்டது. அந்த நவம்பரில் 90 நிமிடம் தாண்டிச் சேர்த்த நேரத்தில் கோல் போட்டு ஈராக் 2-1 என வென்றது. பாக்தாத் தெருக்களில் கூடியிருந்த மக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தன் காலத்தில் தொடர்ந்து 19 ஆட்டங்கள் தோற்காமல் ஆட வைத்தார். கடைசியில் சம்பளப் பாக்கி தகராறில் 2021 கோடையில் பிரிய நேர்ந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் உஸ்பெகிஸ்தான். இந்த அணியின் பழைய காயங்கள் பல. 2005இல் பஹ்ரைனுடன் வென்ற ஆட்டம் நடுவரின் பிழையால் மறுபடி ஆட வைக்கப்பட்டு உலகக்கோப்பை வாய்ப்புப் போனது. 2013இல் ஜோர்டானிடம் பெனால்டியில் 8-9. 2017இல் கடைசி ஆட்டத்தில் தென்கொரியாவை வெல்ல முடியவில்லை. 2021இல் தகுதிச் சுற்றின் இறுதிக் கட்டத்துக்குக்கூட வரவில்லை. வாசல்வரை போய்த் திரும்பிய அணிக்கு, வாசல்வரை போய்த் திரும்பியதை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அறிந்த ஒருவர் வந்து சேர்ந்தார்.

அவர் அங்கே பொறுமையாகவே வேலை செய்தார். ஷொமுரோதொவ் தலைமையில் மூத்தவர்களை வைத்துக்கொண்டே ஃபைஸுல்லாயெவ், குசானொவ் போன்ற இருபது வயதுப் பையன்களைச் சேர்த்தார். பின்னால் மூன்று தடுப்பாட்டக்காரர்கள், இறுக்கமான நடுக்களம். பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட 1999 ஸ்லோவேனியா. 2024 ஜனவரி 18 அன்று கத்தாரில் ஆசியக் கோப்பையில் இந்தியாவை முதல் பாதியிலேயே 3-0 என முடித்தது இந்த அணிதான். அன்று இந்தியப் பெஞ்சில் குரோஷியரான இகோர் ஸ்டிமாச். பழைய யுகோஸ்லாவியாவின் இரண்டு பிள்ளைகள் அல் ரய்யானில் எதிரெதிரே. அந்தப் போட்டியில் உஸ்பெகிஸ்தான் காலிறுதி வரை போய், போட்டியை நடத்திய கத்தாரிடம் பெனால்டியில் தோற்றது.

உலகக்கோப்பைத் தகுதியின் மூன்றாம் சுற்றில் முதல் ஆறு ஆட்டங்களில் 13 புள்ளி. பாதிக் கிணறுக்கு மேல் தாண்டியாகிவிட்டது. 2025 ஜனவரியில் உடல்நிலை காரணமாக விலகினார். திமுர் கபாட்ஸே பொறுப்பேற்றார். ஜூன் 5, அபுதாபி. ஒரு புள்ளி போதும். எதிரணி ஐக்கிய அரபு அமீரகம், ஒருகாலத்தில் அவரை அனுப்பிவிட்ட அணி. முடிவு 0-0. உஸ்பெகிஸ்தான் உலகக்கோப்பைக்குப் போனது. பெஞ்சில் அவர் இல்லை. எனக்கு அந்த இரவு மகிழ்ச்சியும் வருத்தமும் கலந்தே இருந்தது. கபாட்ஸேவின் பங்கு பெரியது, அதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த 0-0இல் பழைய கை தெரிந்தது.

அவரைப் பார்த்துப் புரிந்துகொள்ள விரும்பினால் இரண்டு ஆட்டங்கள் போதும். ஆட்டக்காரர் கட்டனெட்ஸுக்கு 1992 வெம்ப்ளி இறுதி ஆட்டம். பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பதினைந்து நிமிடம் பாருங்கள், எத்தனை இடத்தை அடைக்கிறார் என்று தெரியும். பயிற்சியாளருக்கு 1999 கீவ். பனியில் கோடுகளே சரியாகத் தெரியாது, உக்ரைன் கோல் போட்ட பிறகும் ஸ்லோவேனிய வீரர்கள் யாரும் அவசரப்படாமல் தங்கள் இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். பவ்லின் கோல் வருவதற்கு முந்தைய அந்தப் பத்து நிமிடம்தான் முக்கியம்.